டிராக்டர் மட்டும் என்ன மாற்றாந்தாய்ப் பிள்ளையா?
ஒரு குடும்பத்து வண்டிகளுக்கு ஒரே பாலிசி கேட்போம்!

  

நமது சங்கத்தின் அறிக்கை என்றால் தண்ணீர், கொள்முதல் விலை, பயிர்க்கடன், யூரியா தட்டுப்பாடு இவைதான் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த முறை வண்டி இன்சூரன்ஸ் பற்றி எழுதுகிறோம். "இதுக்குப் போயி ஒரு நோட்டீஸா?" என்று கேட்பவர்கள் கேட்கலாம். கேட்பதற்கு முன்னால் நம் கிளையில் நடந்த ஒரு சங்கதியைப் படித்துவிடுங்கள்.

நம் உறுப்பினர் ஒருவர். சொந்த நிலம் நாலு ஏக்கர், குத்தகை ஆறு ஏக்கர். பேங்க் கடனில் டிராக்டர் வாங்கினார். டிரைலர் பெட்டியைப் பக்கத்து ஊரில் பழையதாகப் பார்த்து வாங்கினார். டிராக்டருக்கு இன்சூரன்ஸ் இருந்தது. பேங்கே வருடா வருடம் கணக்கிலிருந்து பணத்தைப் பிடித்துக் கட்டிவிடும். பெட்டிக்கும் தனியாக இன்சூரன்ஸ் வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. விற்றவர் சொல்லவில்லை, பேங்கில் சொல்லவில்லை, ஏஜெண்டும் சொல்லவில்லை.

ஒரு தை மாதம், கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டையை இறக்கிவிட்டு ராத்திரி காலிப் பெட்டியோடு திரும்பினார். பின்னால் மொபெட்டில் வந்த பையன் பெட்டியில் மோதிவிட்டான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் உயிர் போய்விட்டது. இருபத்து நாலு வயசு. அந்த வீட்டுக்கு அவன் ஒருத்தன்தான் சம்பாத்தியம்.

நஷ்டஈடு வழக்கு நடந்தது. கம்பெனி வக்கீல் எழுந்து, "டிராக்டருக்கு எங்களிடம் பாலிசி உண்டு. ஆனால் பையன் மோதியது டிரைலரில். டிரைலருக்குப் பாலிசி கிடையாது" என்றார். வாதம், ஒத்திவைப்பு, மறுபடி வாதம் என்று வருடங்கள் ஓடின. கடைசியில், கம்பெனி முதலில் பணத்தைக் கட்டட்டும், பிறகு வண்டிக்காரரிடம் வசூல் செய்துகொள்ளட்டும் என்று தீர்ப்பானது. வசூல் நோட்டீஸ் வந்தது. நம் உறுப்பினர் நாலு ஏக்கரில் ஒரு ஏக்கரை விற்றார். அந்தப் பத்திரப் பதிவுக்கு நாங்களும் கூடப் போயிருந்தோம். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து அவர் சொன்னது இன்னும் எங்கள் காதில் இருக்கிறது: "ஒத்தக் கொக்கியில மாட்டி ஒரே வண்டியாத்தானே ஓட்டுனேன். எப்படிய்யா ரெண்டு வண்டி ஆச்சு?"

இந்த அறிக்கை முழுவதும் அவர் கேட்ட அந்தக் கேள்விக்கான பதில்தான்.

கொக்கியில் மாட்டினால் ஒன்று, கோர்ட்டில் இரண்டு

1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி டிரைலரும் ஒரு மோட்டார் வாகனம். அதற்கு எஞ்சின் இல்லை, தானாக நகராது. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அது ஒரு வண்டி. தனி நம்பர், தனி ஆர்.சி. அதே சட்டத்தின் 146ஆவது பிரிவு, மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாமல் எந்த வண்டியும் பொது ரோட்டில் போகக் கூடாது என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் நம் உறுப்பினரின் கதை விளங்கிவிடும்.

2019ல் சட்டத்தைத் திருத்திய பிறகு, இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் தடவை 2000 ரூபாய் அபராதம், மறு தடவை 4000 ரூபாய், மூன்று மாதம் வரை ஜெயில்கூட உண்டு. அபராதம்கூடப் பெரிசு இல்லை. விபத்து நடந்தால் வருகிற நஷ்டஈடுதான் நிலத்தைக் கொண்டு போகிறது.

கம்பெனிகள் இந்த மாதிரிக் காரணங்களைத் தேடுவது புதுசு அல்ல. டிராக்டர் லைசென்ஸ் வைத்திருப்பவர், டிரைலரை மாட்டி ஓட்டினால் அந்த லைசென்ஸ் செல்லாது என்று ஒரு காலத்தில் வாதாடினார்கள். 2001ல் நாகஷெட்டி வழக்கில் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. டிரைலரை மாட்டியதால் டிராக்டர் டிராக்டராக இல்லாமல் போய்விடாது என்று சொல்லிவிட்டது. லைசென்ஸ் விஷயத்தில் அந்த வழி அடைபட்டது. இன்சூரன்ஸ் விஷயத்தில் இன்னும் திறந்தேதான் இருக்கிறது.

2007ல் பிரிஜ் மோகன் வழக்கு என்று ஒன்று. டிராக்டர் பெட்டியில் மண் ஏற்றிப் போனபோது அடிபட்ட கூலித் தொழிலாளி தொடுத்தது. டிராக்டருக்கு விவசாய வேலைக்கான பாலிசி இருந்தது, பெட்டிக்கு இல்லை. கம்பெனிக்குப் பொறுப்பு இல்லை என்றுதான் சுப்ரீம் கோர்ட் சொன்னது. ஆனால் ஏழைத் தொழிலாளி என்பதால், கம்பெனி முதலில் கொடுத்துவிட்டு வண்டிக்காரரிடம் வசூலிக்கட்டும் என்று தன் தனி அதிகாரத்தில் உத்தரவு போட்டது. அடிபட்டவருக்குக் கோர்ட் இரக்கம் காட்டியது, சரிதான். ஆனால் கடைசியில் கட்ட வேண்டியவர் யார்? டிராக்டர்காரர்.

ஒரு வீட்டுக் கணக்கைப் பார்ப்போம்

நம்ம டெல்டாவில் பத்து ஏக்கர் சாகுபடி செய்கிற ஒரு கூட்டுக் குடும்பத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அப்பா பேரில் டிராக்டர். பெரியவர் பேரில் டிரைலர். மகன் பேரில் ஒரு மோட்டார் சைக்கிள். மருமகள் பேரில் ஒரு ஸ்கூட்டர். காய்கறி, விதை, உரம் ஏற்ற ஒரு சின்ன லோடு வண்டி. ஆக ஐந்து. எல்லாம் ஆடம்பரம் இல்லை, எல்லாம் பிழைப்பு. ஒரு காலத்தில் ஒரு ஜோடி மாடும் ஒரு கட்டைவண்டியும் செய்த வேலையை இன்று இந்த ஐந்தும் செய்கின்றன. அந்த மாட்டு வண்டிக்கு யாரும் பாலிசி கேட்டதில்லை!

இந்த ஐந்துக்கும் ஐந்து பாலிசி, ஐந்து கெடு தேதி, பெரும்பாலும் மூன்று நான்கு கம்பெனி. டிராக்டருக்கு ஆனி மாதம், குறுவை நடவுக்குக் கையில் காசு இல்லாத நேரம். லோடு வண்டிக்கு ஐப்பசி, அடைமழை. ஸ்கூட்டருக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற மாதம். நமக்குக் கையில் நாலு காசு புரள்வது சம்பா அறுவடை முடிந்து தை, மாசியில். அந்த நேரத்தில் எந்தக் கெடுவும் வராது!

ஒரு தேதி தப்பினால் என்ன ஆகும்? கெடு முடிந்த நிமிடத்திலிருந்து வண்டி ரோட்டில் அநாதை. தொண்ணூறு நாளைத் தாண்டினால், விபத்து இல்லாமல் ஓட்டியதற்காகச் சேர்த்து வைத்த போனஸ் போய்விடும். முதல் வருடம் கிளைம் இல்லாவிட்டால் 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்து வருடத்தில் 50 சதவீதம் வரை சேதப் பிரீமியத்தில் தள்ளுபடி தருகிற போனஸ் அது. ஐந்து வருடம் ஜாக்கிரதையாக ஓட்டிச் சேர்த்தது, ஒரு நடவு சீசன் மறதியில் பூஜ்யம் ஆகிவிடும். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பார்கள். உழக்கையும் இப்படித் தவற விட்டால் எப்படி?

நகரத்தில் புதுக் கார், புது மோட்டார் சைக்கிள் வாங்குகிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைந்துவிட்டது. கோவை கங்கா ஆஸ்பத்திரி டாக்டர் எஸ்.ராஜசேகரன் 2012ல் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2018ல் ஒரு உத்தரவு போட்டது. அதன்படி 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருடம், புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருடம் மூன்றாம் நபர் இன்சூரன்ஸை ஒரேயடியாக எடுத்தாக வேண்டும். வருடா வருடம் புதுப்பிக்க மறந்து போவதால் இன்சூரன்ஸ் இல்லாத வண்டிகள் பெருகி, அடிபட்டவர்களுக்கு ஒன்றும் கிடைக்காமல் போகிறது என்பதுதான் காரணம். நல்ல உத்தரவு. ஆனால் அந்த ஏற்பாடு காருக்கும் இருசக்கர வண்டிக்கும்தான். மறப்பது மனித சுபாவம் என்றால், சேற்றில் நிற்கிறவன் மட்டும் மறக்க மாட்டானா?

2022ல் ஒரு கதவு திறந்தது, நமக்கு இல்லை

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். ஒரே ஆளுக்குச் சொந்தமான பல வண்டிகளை ஒரே பாலிசியில் சேர்க்க முடியாதா என்று கேட்டால், "அப்படியெல்லாம் சிஸ்டத்தில் இல்லை" என்று ஏஜெண்ட் சொல்லுவார். இது முழு உண்மை இல்லை.

இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020 வாக்கில் சோதனை முறையில் இதற்கு இடம் கொடுத்துப் பார்த்தது. பிறகு 2022 ஜூலையில், எல்லாப் பொது இன்சூரன்ஸ் கம்பெனிகளும் மூன்று புதிய வசதிகளைத் தரலாம் என்று அனுமதித்தது. ஒன்று, ஓட்டுகிற தூரத்துக்கு ஏற்ற பிரீமியம். இரண்டு, ஓட்டுகிற விதத்துக்கு ஏற்ற பிரீமியம். மூன்று, ஒரே உரிமையாளரின் பல வண்டிகளுக்குச் சேர்த்து ஒரே ஃப்ளோட்டர் பாலிசி.

நல்ல செய்திதானே என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அந்த ஃப்ளோட்டர் பாலிசி எந்த வண்டிகளுக்கு? இருசக்கர வண்டி, சொந்தக் கார். அவ்வளவுதான். டிராக்டர் இல்லை. டிரைலர் இல்லை. பவர் டில்லர் இல்லை. லோடு வண்டி இல்லை. அதுவும் சொந்த வண்டி சேதத்துக்கான பகுதிக்குத்தான் இந்த வசதி. மூன்றாம் நபர் பகுதிக்கு இல்லை. அதுவும் ஒரே ஆள் பேரில் இருக்க வேண்டும். அப்பா பேரில் ஒன்று, மகன் பேரில் ஒன்று என்றால் சேராது. அதுவும் கம்பெனி இஷ்டம். தரலாம் என்றுதான் அனுமதி, தர வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இரண்டு காரும் ஒரு பைக்கும் வைத்திருக்கிற பட்டணத்துக்காரருக்கு ஒரே பாலிசி. ஐந்து வண்டியை வைத்து ஊருக்குச் சோறு போடுகிறவனுக்கு ஐந்து பாலிசி. ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது இதுதான்!

பெரிய லாரிக் கம்பெனிகளை எடுத்துக் கொள்ளுங்கள். 2007 ஜனவரியில் வண்டிச் சேதப் பிரீமியத்துக்கான அரசு கட்டணக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து நூறு லாரி வைத்திருப்பவர் மொத்தமாகப் பேசி விலையைக் குறைத்துக் கொள்ள முடிகிறது. நம்மால் முடியாது. காரணம், நாம் ஒவ்வொருவராகப் போய் நிற்கிறோம். இது விவசாயிகளுக்குத் தெரியாத பாடம் இல்லை. தனியாகப் போனால் வியாபாரி சொல்வதுதான் விலை.

கம்பெனிக்காரர்கள் சொல்லும் காரணங்கள்

இது பற்றிக் கேட்ட இடத்தில் எல்லாம் மூன்று காரணம் சொன்னார்கள்.

முதல் காரணம்: "டிராக்டர் வேறு இனம். காரோடும் பைக்கோடும் சேர்க்க முடியாது." வேறு இனம்தான், ஒத்துக்கொள்கிறோம். ஆனால் 1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகள் விவசாய டிராக்டரைப் போக்குவரத்து வாகனம் அல்லாத வண்டி என்றே சொல்கின்றன. ஆர்.டி.ஓ. ஆபீசில் அது சொந்த உபயோக வண்டி. இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனால் மட்டும் வர்த்தக வண்டிகளின் "இதர வகை"யில் தள்ளிவிடுகிறார்கள். ஒரே வண்டிக்கு இரண்டு ஜாதகம்!

இரண்டாவது காரணம்: "வண்டிகள் வேறு வேறு பேரில் இருக்கின்றன." சரி. மருத்துவ இன்சூரன்ஸில் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள், பெற்றோர் எல்லாரையும் ஒரே பாலிசியில் சேர்த்து, ஒரே தொகையை எல்லாருக்கும் பொதுவாக வைத்து, ஃபேமிலி ஃப்ளோட்டர் என்று பேர் வைத்து விற்பது யார்? இதே கம்பெனிகள்தான். உடம்புக்குக் குடும்பம் தெரிகிறது, வண்டிக்குத் தெரியாதா? ரேஷன் கார்டைக் காட்டினால் குடும்பம் தெரிந்துவிடும்.

மூன்றாவது காரணம்: "விவசாயம் என்று பாலிசி எடுத்துவிட்டு வாடகைக்கு ஓட்டுகிறார்கள்." இதில் பாதி நியாயம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. நம்மில் பலரும் அடுத்தவர் வயலை வாடகைக்கு உழுகிறோம். டிராக்டர் கடனை அடைக்க வேறு வழி இல்லை. ஆனால் அடுத்தவர் வயலை உழுவதும் விவசாய வேலைதான். அதைப் பாலிசியில் தெளிவாக எழுதி, நியாயமான பிரீமியம் வாங்கட்டும். பாலிசி எடுக்கும்போது வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, விபத்து நடந்த பிறகு "வாடகைக்கு ஓட்டினாய்" என்று கையை விரிப்பதைத்தான் எதிர்க்கிறோம். செங்கல்லும் மணலும் ஏற்றிப் போய்விட்டு விவசாயம் என்று சொல்கிறவர்களுக்காக நமது சங்கம் பேசாது. அதையும் சொல்லிவிடுகிறோம்.

எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டச் சொல்கிறோமா?

இல்லை. இதில் நம் ஆட்களுக்கும் ஒரு தெளிவு வேண்டும். சிலர், "ஒரு நேரத்துல ஒரு வண்டிதானே ஓட்டுறேன், ஒரு வண்டிக்குக் கட்டுனா போதாதா?" என்று கேட்கிறார்கள். கேட்கும்போது சரியாகத்தான் தோன்றும். ஆனால் அப்பா வயலில் டிராக்டர் ஓட்டுகிற அதே நேரத்தில் மகன் பைக்கில் டவுனுக்குப் போகிறான், லோடு வண்டியை டிரைவர் எடுத்துப் போகிறார். ரோட்டில் போகிற ஒவ்வொரு வண்டியும் ஒருவர் மேல் மோதக்கூடியதுதான். அடிபடுகிறவரும் நம்மைப் போல ஒரு ஏழைதான். ஆகவே மூன்றாம் நபர் பாதுகாப்பு ஒவ்வொரு வண்டிக்கும் இருந்தே தீர வேண்டும். அதைக் குறைக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை. அந்த மொபெட் பையனின் அம்மாவை நாங்கள் நேரில் பார்த்தவர்கள். தீர்ப்பு வரும் வரை அந்த அம்மாள் எத்தனை தடவை கோர்ட்டுக்கு அலைந்தார் என்பது எங்களுக்குத் தெரியும். அவருக்கும் சீக்கிரம் பணம் கிடைக்க வேண்டும், நம் உறுப்பினரின் நிலமும் தப்ப வேண்டும். இரண்டும் ஒரே பாலிசியில் நடக்கக்கூடியதுதான்.

நாம் கேட்பது இதுதான்: எல்லா வண்டிகளும் ஒரே தாளில், ஒரே கெடு தேதியில், ஒரே கம்பெனியின் பொறுப்பில். "இது அவன் வண்டி, அது எவன் வண்டியோ" என்று ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியைக் கை காட்ட வழி இருக்கக் கூடாது.

ஒரே பாலிசியில் ஆபத்தே இல்லையா? உண்டு. அந்த ஒரு தேதியைத் தவற விட்டால் ஐந்து வண்டியும் ஒரே நாளில் அநாதையாகிவிடும். ஸ்கூட்டரில் விழுந்த கீறலுக்கு ஒரு கிளைம் வாங்கினால், அது டிராக்டரின் போனஸையும் சேர்த்துத் தின்றுவிடலாம். ஆகவே போனஸ் வண்டிவாரியாகத் தனித்தனியே நிற்க வேண்டும், கெடு தேதி அறுவடை முடிந்த மாதத்தில் இருக்க வேண்டும் என்று சேர்த்தே கேட்கிறோம்.

பிரித்துக் கொடுத்தால் லாபம் கிடைக்கும் என்பதற்கும் ஒரு உதாரணம் உண்டு. வண்டி உரிமையாளரே ஓட்டி விபத்தில் இறந்தால் கிடைக்கும் சொந்த விபத்துப் பாதுகாப்பை 2018ல் 15 லட்சமாக உயர்த்தினார்கள். அதற்கு வருடப் பிரீமியம் 750 ரூபாய் என்று வைத்தார்கள். நாலு வண்டி பாலிசியிலும் நாலு தடவை கட்டினால் 3000 ரூபாய். ஆனால் ஆள் ஒருத்தர்தானே! எதிர்ப்புக் கிளம்பியது. 2019 ஜனவரி 1 முதல் அதைத் தனியாகப் பிரித்து வாங்கலாம், எத்தனை வண்டி இருந்தாலும் ஒருவருக்கு ஒன்று போதும் என்று ஆக்கினார்கள். பார்த்தீர்களா? கேட்டால் மாறும். இன்றைக்கும் இது தெரியாமல் ஒவ்வொரு வண்டிக்கும் கட்டிக் கொண்டிருப்பவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

ஓடாத நாளுக்கு எதற்குப் பணம்?

இன்னொரு அநியாயம். குறுவை, சம்பா உழவு, அறுவடை நாட்கள் போக மீதி மாதங்களில் டிராக்டர் கொட்டகையில்தான் நிற்கிறது. கோழி அதன் மேல் ஏறி முட்டை இடுகிறது! அந்த மாதங்களுக்கும் சேதப் பிரீமியம் முழுசாகக் கட்டுகிறோம்.

2002ல் வந்த பழைய மோட்டார் டாரிஃப் புத்தகத்திலேயே, வண்டியை ஓட்டாமல் நிறுத்தி வைக்கும் காலத்துக்குச் சலுகை தரும் விதி இருந்தது. எத்தனை விவசாயிக்கு ஏஜெண்ட் அதைச் சொல்லியிருப்பார்? 2022ல் ஓட்டின தூரத்துக்கு ஏற்ற பிரீமியத்தை அனுமதித்தபோது, கார் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்க்க மீட்டரும் செல்போனும் போதும் என்றார்கள். நம்ம டிராக்டரில் ஆரம்பத்திலிருந்தே மணிக்கணக்கு மீட்டர் இருக்கிறதே! எத்தனை மணி நேரம் எஞ்சின் ஓடியது என்று அது காட்டிக் கொண்டேதான் இருக்கிறது. டீசலுக்கும் சர்வீசுக்கும் அந்த மீட்டரைத்தான் பார்க்கிறோம். அதே மீட்டரை இன்சூரன்ஸ்காரரும் பார்த்துவிட்டுப் போகட்டுமே.

வரி விஷயமும் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரவேற்கிறோம். அதே நாளில் தனிநபர் ஆயுள், மருத்துவ இன்சூரன்ஸுக்கு வரியே இல்லை என்று ஆக்கினார்கள். அதையும் வரவேற்கிறோம். ஆனால் டிராக்டர் பாலிசிக்கு மட்டும் 18 சதவீதம் அப்படியே நிற்கிறது. வண்டிக்கு 5, வண்டியின் காகிதத்துக்கு 18! இது எந்த ஊர் நியாயம்?

நமது கோரிக்கைகள்

1. 2022ல் அனுமதித்த ஃப்ளோட்டர் பாலிசியில் விவசாய டிராக்டர், டிரைலர், பவர் டில்லர், விவசாயியின் சிறு லோடு வண்டி ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும். கம்பெனிகள் கட்டாயம் தர வேண்டும்.

2. "ஒரே உரிமையாளர்" என்பதை "ஒரே குடும்பம்" என்று மாற்ற வேண்டும்.

3. டிராக்டர் பாலிசி என்றாலே அதனுடன் மாட்டப்படும் விவசாய டிரைலரும் சேர்ந்ததுதான் என்று விதி செய்ய வேண்டும். டிரைலரைக் காட்டிக் கம்பெனி தப்பிக்கக் கூடாது.

4. கெடு தேதியை அறுவடைக் காலத்தை ஒட்டி வைத்துக் கொள்ளும் உரிமை விவசாயிக்கு வேண்டும்.

5. எஞ்சின் ஓடிய மணிக்கணக்குப்படி சேதப் பிரீமியம் வாங்க வேண்டும்.

6. அடுத்தவர் வயலை உழுவதையும் விவசாய உபயோகம் என்று பாலிசியிலேயே எழுத வேண்டும்.

7. விவசாய வண்டிகளின் பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யை ரத்து செய்ய வேண்டும்.

8. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் பாலிசி எடுக்க, புதுப்பிக்க, கிளைம் எழுத உதவி மையம் வேண்டும். பாலிசி தாள் தமிழில் வேண்டும்.

9. கடன் கொடுத்த பேங்க், பிரீமியத்தைப் பிடித்தால் பாலிசி நகலைப் பதினைந்து நாளுக்குள் விவசாயியின் கையில் கொடுக்க வேண்டும். எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது விவசாயியின் விருப்பமாக இருக்க வேண்டும்.

அதுவரை நாம் என்ன செய்வது?

கோரிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். நாளைக் காலையில் உழவுக்குப் போக வேண்டுமே! ஆகவே இன்று ராத்திரியே வீட்டில் இருக்கிற எல்லாப் பாலிசியையும் எடுத்து வையுங்கள். எந்த வண்டிக்கு எந்தத் தேதி என்று ஒரு தாளில் எழுதி, காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள்.

டிராக்டர் பாலிசியில் டிரைலரின் நம்பர் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் உடனே ஏஜெண்டிடம் போய், கூடுதல் பிரீமியம் கட்டி அதே பாலிசியில் டிரைலரைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். இந்த வழி பழைய டாரிஃப் காலத்திலிருந்தே உண்டு. "முடியாது" என்றால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். நம் உறுப்பினருக்கு இது ஒன்று தெரிந்திருந்தால் அந்த ஒரு ஏக்கர் இன்றும் அவர் பேரில் இருந்திருக்கும்.

சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருந்தால், அவருக்கான பொறுப்பையும் சிறு தொகை கட்டிப் பாலிசியில் ஏற்றுங்கள். சொந்த விபத்துப் பாதுகாப்பு ஒருவருக்கு ஒன்று போதும், இரண்டாவது தடவை கட்டாதீர்கள். ஆனால் அது லைசென்ஸ் உள்ள உரிமையாளர் தானே ஓட்டினால்தான் கைகொடுக்கும். டிராக்டர் அப்பா பேரில் இருந்து மகன் ஓட்டுகிறான் என்றால் மகனுக்குத் தனியாக ஒரு விபத்துப் பாலிசி எடுத்து வையுங்கள்.

நம்ம பக்கத்துத் தப்பையும் திருத்திக் கொள்வோம். மட்கார்டில் ஆளை உட்கார வைக்காதீர்கள். டிராக்டரில் ஒருவருக்குத்தான் சீட், மற்றவருக்கு இன்சூரன்ஸ் கிடையாது. கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் பெட்டியில் ஜனங்களை ஏற்றாதீர்கள். பெட்டிக்குப் பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அன்றைக்கு அந்தப் பெட்டியில் அது இருந்திருந்தால் இந்த அறிக்கையே எழுத வேண்டி வந்திருக்காது. இதைச் சொல்ல நமக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

கிளைமை மறுத்தால் சும்மா திரும்பி வராதீர்கள். முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார் கொடுங்கள். மறுத்தாலோ ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனுக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நுகர்வோர் கோர்ட்டும் இருக்கிறது. மனு எழுதத் தெரியாவிட்டால் கிளைச் செயலாளரிடம் வாருங்கள், எழுதித் தருகிறோம்.

உழவர் பெருமக்களே!

நூறு லாரிக்காரர் மொத்தமாகப் பேசினால் கம்பெனி நாற்காலி போட்டு உட்கார வைக்கிறது. ஒரு ஒன்றியத்தில் நூறு டிராக்டருக்கு மேல் இருக்கும். எல்லாரும் ஒன்றாகப் போனால் நமக்கும் அந்த நாற்காலி உண்டு. ஒவ்வொரு கிளையும் இந்த ஒன்பது கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றி அனுப்புங்கள். அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு டிராக்டர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் உங்கள் பாலிசி நகலோடு கலெக்டர் ஆபீசுக்கு வாருங்கள். வீட்டில் எத்தனை வண்டி இருக்கிறதோ அத்தனை பாலிசியையும் எடுத்து வாருங்கள். அந்தக் கட்டுகளை மேஜை மேல் அடுக்கி வைத்துக் கேட்போம்.

கொக்கியில் மாட்டினால் ஒரே வண்டி! பாலிசியிலும் ஒரே வண்டி ஆகட்டும்!

ஒரு குடும்பம், ஒரு பாலிசி, ஒரு கெடு! போராடுவோம், பெறுவோம்!

உழவர் ஒற்றுமை ஓங்குக!